பழைய மதிலருகே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாமா?

வடசென்னையில் பழைய ஜெயில் ரோட்டை ஒட்டி மாடிப் பூங்கா என்று நாம் அழைக்கும் மேடு, கறுப்பர் பட்டணம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனைக் காக்க ஆங்கிலேயர் எழுப்பிய மதிலின் எஞ்சிய பகுதியாகும். 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்ட பிறகு எழுந்த அந்த மதிலின் செலவுக்கு ஊராரிடம் வரி வாங்க எண்ணியதன் அடையாளமாகவே வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. எஞ்சிய மதில் இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

இத்தகைய சின்னங்களுக்கு, பழமையான நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்துக்குள் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற முடியாது என்று பலர் நம்புவதால், மழைக்காலத்தில் மொட்டைமாடி ஒழுகி, சுவரில் ஓதம் ஏறினாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அல்லது யாருக்கும் தெரியாமல் வேலையை முடிக்கிறார்கள். இரண்டுமே தேவையற்றவை.

அங்கே புதிய கட்டடம் எழுப்பத்தான் தடை. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடாக இருந்தால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். வீட்டின் வயதைக் காட்ட, பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பத்திரமும் சொத்துவரி ரசீதும் உதவும். ஆனால் இடித்துவிட்டு மறுபடி கட்டுவது பழுதுபார்ப்பில் அடங்காது. இரண்டாம் வட்டத்தில் புதிதாகக் கட்டவும் அனுமதி கேட்கலாம். விண்ணப்பத்தை அந்த அதிகாரி 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் பரிந்துரையைத் தெரிவிக்க வேண்டும். அது வந்த ஒரு மாதத்தில் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். அனுமதியின்றிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கழிவுநீர்க் கால்வாயைத் தூர்வாருவதும், பொதுமக்களுக்குக் குடிநீர், மின்சாரம் வழங்கும் பணிகளும் சட்டத்தின் வரையறைப்படி கட்டுமானமே அல்ல என்பதை, தெருவில் சாக்கடை பொங்கும்போது சட்டத்தைக் காரணம் காட்டுவோரிடம் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

மேலும், ஒவ்வொரு சின்னத்துக்கும் சுற்றுப்புறக் கட்டடங்களின் உயரம், முகப்பு போன்றவற்றை வரையறுக்கும் துணைவிதிகள் தனியாக வகுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அவற்றின் வரைவு மக்கள் கருத்துக்கு வெளியிடப்படும்போது, எந்தத் தெருவில் மழைநீர் தேங்குகிறது, மதிலடியில் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பதை அறிந்த குடியிருப்போர் சங்கங்கள் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.