பனி இல்லாத மலையிலும் உடல் குளிர்ந்துபோகும்: நடைப்பயணம் செல்வோருக்கு ஒரு மருத்துவரின் வேண்டுகோள்

சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓர் இளைஞரைத் தூக்கிவந்தார்கள். காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடலாம் என்று நண்பர்கள் சிலர் கிளம்பிய மலைநடையில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது, வழி தவறியது, இருட்டியும் விட்டது. அவர் உடுத்தியிருந்தவை பருத்தி டீ-சர்ட்டும் ஜீன்ஸும். பையில் இருந்தவை காலியான தண்ணீர்ப் புட்டி, தீர்ந்துபோன பிஸ்கட் பொட்டலம், ஒரு பவர் பேங்க், கேமராவுக்கான முக்காலி. உடலின் உள்வெப்பம் 31 டிகிரி செல்சியஸ். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இந்த மழைக்காலத்தில் இதே நிலையில் வந்த நான்காவது ஆள் அவர் என்பதால், இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவருடைய நண்பர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "அங்கே பனியே இல்லையே டாக்டர், பன்னிரண்டு டிகிரிதானே இருந்திருக்கும்?" முந்தைய மூவரோடு வந்தவர்களும் ஏறத்தாழ இதையே கேட்டார்கள். உடல் குளிர்ந்து உயிருக்கு ஆபத்து வருவது பனிச்சிகரம் ஏறுபவர்களுக்கு மட்டுமே நேரும் என்று படித்தவர்களும் உறுதியாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் அவர்களுடைய பையைக் காலியாக வைத்திருக்கிறது.

தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள். நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நாங்கள் அதை ஹைபோதெர்மியா என்கிறோம். அதாவது இழப்பதற்கு நம்மிடம் இருப்பது இரண்டு டிகிரி மட்டுமே. பன்னிரண்டு டிகிரிக் காற்று உங்கள் உடலைவிட இருபத்தைந்து டிகிரி குளிர்ந்தது. அந்தக் காற்றில் நீங்கள் நனைந்தும் நிற்கிறீர்கள். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்துணி உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்ச, காற்று அந்த ஈரத்தை உலர்த்தும்போது மேலும் வெப்பம் போக, காலையிலிருந்து நடந்து களைத்துப் பசித்திருக்கும் உடலுக்கோ நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் தெம்பிருக்காது. பனி எங்கே தேவைப்பட்டது? உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அடிவாரத்தில் 25 டிகிரி வெயிலைப் பார்த்துப் பை கட்டியவர், 1,500 மீட்டர் ஏறியதும் சுமார் 15 டிகிரியில் வியர்வையோடு நிற்பார். அங்கே மழையும் பெய்துவிட்டால் நிலைமை என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடுகளில் இருக்கும் பழைய கண்ணாடி உடல்வெப்பமானியின் அளவுகோல் 35 டிகிரியில்தான் தொடங்கும். காய்ச்சலைப் பார்க்கச் செய்த கருவி அது. அதை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்லை, பயமில்லை" என்று ஒருவரைக் கூடாரத்தில் படுக்கவைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருவியைவிட ஆளைப் பாருங்கள். பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, பேச்சு குழறுகிறதா, தட்டித் தடுமாறி நடக்கிறாரா, எதிலும் அக்கறையற்று உட்கார்ந்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். வெப்பம் மேலும் இறங்கும்போது நடுக்கம் நின்றுவிடும். அப்போது நண்பர்கள் அவர் தேறிவிட்டதாக எண்ணி நிம்மதியடைகிறார்கள். உண்மையில் அதுதான் மிக மோசமான கட்டம். சிலர் அந்த நிலையில் உடைகளைக் கழற்றி எறிவதும் உண்டு.

அந்த இளைஞருக்கு வழியில் மது கொடுத்திருக்கிறார்கள். கைகால்களைச் சூடு பறக்கத் தேய்த்தும் இருக்கிறார்கள். அன்பினால் செய்தவைதான். ஆனால் மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே எஞ்சியிருக்கும் வெப்பத்தையும் வெளியே விட்டுவிடுகிறது. தேய்ப்பது உடலைக் குலுக்கும், குளிர்ந்த இதயமோ சிறு குலுக்கலிலும் தாளம் தவறக்கூடியது. ஈர உடையை நீக்குங்கள். தரையின் குளிர் ஏறாதபடி கீழே எதையாவது விரித்து, மார்பையும் வயிற்றையும் தலையையும் உலர்ந்த துணியால் போர்த்துங்கள். நல்ல நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். படுத்த நிலையிலேயே, மெதுவாகக் கையாளுங்கள்.

இனி பைக்கு வருகிறேன். மவுண்டனியர்ஸ் என்ற அமெரிக்க மலையேற்றச் சங்கம் 1930களிலேயே பத்து அத்தியாவசியப் பொருள்களைப் பட்டியலிட்டுவிட்டது. அந்தப் பட்டியலின் சாரம், எதிர்பாராமல் ஓர் இரவு வெளியில் தங்க நேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா என்ற கேள்விதான். அரை நாள் நடைக்கும் இந்தக் கேள்வியோடுதான் பை கட்ட வேண்டும். பருத்தி உடை நனைந்தால் உலரவும் செய்யாது, வெப்பத்தையும் காக்காது. உடலை ஒட்டி கம்பளி அல்லது பாலியெஸ்டர் உடை, அதற்குமேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத ஜெர்க்கின் என்று அடுக்கடுக்காக அணியுங்கள். வியர்க்கத் தொடங்கும்போதே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். ஒரு மாற்றுடையையும் காலுறையையும் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வையுங்கள். அதை நடக்கும்போது எடுத்துவிடாதீர்கள், அது இரவுக்கானது. தலையில் மாட்டும் விளக்கு, விசில், கூடுதலாக ஒரு வேளை உணவு, நூறு கிராம்கூட இல்லாத, மெல்லிய உலோகப் பூச்சுத் தாளாலான அவசரகாலப் போர்வை ஆகியவற்றைச் சேர்த்தாலும் உங்கள் முக்காலியின் எடை வராது. கைப்பேசியை விளக்காகவும் வரைபடமாகவும் நம்பிச் செல்லாதீர்கள். குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். அதை உடைக்குள், உடலோடு சேர்த்து வையுங்கள்.

புதுக் காலணியோடு நெடுநடைக்குப் போகாதீர்கள். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் மாத்திரையைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள். நல்லது என்று எண்ணி லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டு, இரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்கி வருபவர்களும் இருக்கிறார்கள்.

குழுவை அழைத்துச் செல்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். கிளம்பும் முன் ஒவ்வொருவர் பையையும் திறந்து பாருங்கள், சங்கடப்பட வேண்டாம். எந்த வழியில் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவி தேட வேண்டும் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அந்த இளைஞரின் தாய்க்கு மகன் மலைக்குப் போயிருப்பதே நாங்கள் அழைத்துச் சொன்ன பிறகுதான் தெரியும்.