‘ஜெனுயின் லெதர்’ என்றால் ‘அசல் தோல்’ ஆகாது

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் கைப்பை விலை கேட்டால் முதலில் வரும் பதில், “அசல் தோலு, அக்கா, பாருங்க” என்பதுதான். பையைத் திறந்தால் உள்ளே தைத்த சிறு பட்டையில் ஆங்கிலத்தில் ‘ஜெனுயின் லெதர்’ என்றிருக்கும். கடைக்காரர் அதைத்தான் தமிழில் சொன்னதாக நினைக்கிறார். இணைய விற்பனைப் பக்கங்களும் அப்படியே எழுதுகின்றன. இந்த மொழிபெயர்ப்பு தவறு. பணம் கொடுப்பவரை ஏமாற்றும் தவறு.

ஜெனுயின் லத்தீன் வேர்ச்சொல். இயல்பாக அமைந்தது, பிறப்போடு வந்தது என்று பொருள். தோலுக்கு நம் சொல் தோல்தான். சிலப்பதிகாரத்துப் புகாரில் ‘தோலின் துன்னர்’, அதாவது தோல் தைப்பவர்கள், இருக்கிறார்கள். பதனிட்ட தோலுக்கு அன்றைக்கே வேறு சொல் தேவைப்படவில்லை. உப்புப் போட்டு வருவது பச்சைத் தோல், பதனிட்டது தோல். அவ்வளவுதான்.

சிக்கல் ‘அசல்’ என்ற சொல்லில் இருக்கிறது. அரபியில் அதற்கு வேர், மூலம் என்று பொருள். தமிழில் அது மூன்று இடங்களில் ஊன்றிவிட்டது: கடனில் வட்டிக்கு எதிர் அசல், பத்திரத்தில் நகலுக்கு எதிர் அசல், நெய்யில் கலப்படத்துக்கு எதிர் அசல். மூன்றிலும் குறையில்லாத முழுப்பொருள் என்ற உறுதி உண்டு. ‘அசல் தோல்’ என்று கேட்பவர் கலப்பில்லாத முதல் தரத் தோல் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘ஜெனுயின் லெதர்’ அப்படி எதையும் சொல்லவில்லை. விலங்கின் தோல் இதில் இருக்கிறது என்பது மட்டுமே அதன் செய்தி. எந்த விலங்கு, தோலின் எந்த அடுக்கு, மேலே எவ்வளவு பூச்சு என்ற மூன்றுக்கும் அதில் பதில் கிடையாது.

அடுக்குதான் முக்கியம். மாடு, எருமைத் தோல் 4 மில்லிமீட்டர், அதற்கும் மேல் தடிமன் வரும். கைப்பைக்குத் தேவை 1 முதல் 1.4 மில்லிமீட்டர். அதனால் பட்டைக்கத்தி ஓடும் இயந்திரத்தில் விட்டுத் தோலைக் கிடையாகப் பிளக்கிறார்கள். மயிர் இருந்த மேலடுக்கில் நார்கள் மெல்லியவை, நெருக்கமாகப் பின்னியவை. மயிர்த்துளைகள் கண்ணுக்கே தெரியும். அடியடுக்கில் நார் தடித்துத் தளர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சொரசொரப்பு. அதன்மேல் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, மயிர்த்துளை போலவே அச்சுப் பதித்தால் பார்வைக்கு மேலடுக்கு மாதிரியே ஆகிவிடும். பெரியமேட்டில் தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்குபவர் ‘கிரெயினா, ஸ்பிளிட்டா’ (மேலடுக்கா, அடியடுக்கா) என்று தெரியாமல் விலை பேசமாட்டார். அதே சரக்கு பையாகித் தொங்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர், அசல் தோல்.

அடியடுக்குப் பை எங்கே கெடும் என்பதும் தெரிந்ததே. தோள்வார் வளையத்தில் மடியும் இடத்தில் படலம் முதலில் வெடிக்கும், பிறகு செதிலாக உரியும். கைப்பிடி தைத்த துளைகளில் பாரம் இழுத்து நார் பிய்யும். பாலியூரிதேன் ஈரக்காற்றில் தானாகவே சிதையும் பொருள்; ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கடற்காற்றில் பீரோவுக்குள் சும்மா வைத்த பைகூடப் பிசுபிசுக்கும். வாங்கும்போதே வாரின் துளையையோ மடிக்காத வெட்டு விளிம்பையோ பாருங்கள். நாரின் மேல் பிளாஸ்டிக் தனிக் கோடாகத் தெரிந்தால் அது பூச்சுத் தோல். கட்டைவிரலால் அழுத்துங்கள்: மேலடுக்கில் பொடிச் சுருக்கங்கள் விரலைச் சுற்றிப் பரவும், தடித்த படலம் ஒரே குழியாக அமுங்கும். வாசனையை நம்ப வேண்டாம், அதையும் ஏற்றலாம். தண்ணீர்ச் சொட்டும் பயன்படாது. நல்ல தோலிலும் மேல்பூச்சு இருந்தால் நீர் இறங்காது.

ஐரோப்பியத் தரநிலையில் பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெறும் ‘தோல்’ என்று எழுதக்கூடாது, ‘பூச்சிட்ட தோல்’ என்று எழுத வேண்டும். நம் மொழிபெயர்ப்பாளர்கள் நேர் எதிர்த்திசையில் போகிறார்கள். ‘ஃபுல் கிரெயின்’ என்பதை ‘முழு தானியத் தோல்’ என்று போடுகிறார்கள். கிரெயின் என்பதற்குத் தானியம் என்ற பொருள் உண்டுதான். தோல் தொழிலில் அது மயிர்த்துளை தெரியும் மேற்பரப்பு. ‘ஃபுல் கிரெயின்’ என்றால் அந்தப் பரப்பைத் தேய்க்காமல் விட்டது. மொழிபெயர்ப்பு எந்திரம் கொடுத்ததை ஒருவர் படித்துப் பார்த்திருந்தால் தானியம் அங்கே நின்றிருக்காது.

‘வீகன் லெதர்’ ‘சைவத் தோல்’ ஆனது இன்னும் மோசம். சைவம், அசைவம் சாப்பாட்டுக்கு. துணியில் பாலியூரிதேனோ பி.வி.சி.யோ பூசியதற்கு அந்தப் பெயர் எதற்கு? அந்த வகைப் பொருளுக்கு நம் பாட்டிமார் வாயிலேயே ஒரு பெயர் இருக்கிறது: ரெக்சின். வணிகப் பெயராகப் பிறந்து பொதுப்பெயராகிவிட்ட சொல். கேட்டவுடன் தோல் இல்லை என்று விளங்கும். இத்தாலியில் 2020-இல் வந்த சட்டம், விலங்கிலிருந்து வராத பொருளுக்குத் தோல் என்ற சொல்லையே தடுக்கிறது.

‘ஜெனுயின் லெதர்’ என்பதற்கு ‘விலங்குத் தோல்’ போதும், பட்டை சொல்வது அவ்வளவுதான். கிரெயின் பக்கத்துக்கு ‘மயிர்ப்புறம்’ என்பதே துல்லியம். சென்னையில் அந்தச் சொல் வசவாகிவிட்டதால் அச்சிடத் தயங்குகிறார்கள்; ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று குறள் தயங்கவில்லை. கூச்சம் விடாதென்றால் மேலடுக்குத் தோல், அடியடுக்குத் தோல் என்று எழுதலாம். பரப்பைத் தேய்த்துச் சமன் செய்தது தேய்த்த மேலடுக்கு. தோல் துகளை அரைத்துப் பசையில் கட்டியது துகள் தோல், அதிலும் தோல் எத்தனை சதவீதம் என்று சேர்த்து. ‘மாட்டுத் தோல், அடியடுக்கு, மேலே பாலியூரிதேன் பூச்சு’: இவ்வளவும் அந்தச் சிறு பட்டையில் ஒரே வரியில் அடங்கும்.