ரிஃப்ளக்ஸ்: எதுக்களிப்பு

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையங்களுக்குக் கைக்குழந்தையோடு வரும் தாய்மார் 'பால் கக்குகிறது' என்பதை மருத்துவர் 'ரிஃப்ளக்ஸ்' என்று எழுதுவார். 'திரும்ப' எனப் பொருள்தரும் முன்னொட்டும் 'பாய்தல்' எனப் பொருள்தரும் வினையும் சேர்ந்த இலத்தீன் வழிச் சொல் அது; இரைப்பைக்குப் போன பால் உணவுக்குழாய்க்குத் திரும்பி ஏறுவதைக் குறிக்கிறது.

இதற்குப் 'பின்னோட்டம்' என்ற ஆக்கச் சொல்லைவிட, வழக்கிலுள்ள 'எதுக்களிப்பு' என்பதே பொருத்தமானது. 'எதிர்க்களித்தல்' என்ற வடிவமும் உண்டு. எதுக்களித்த பால் வாயோரம் தானாக வழிந்தால் அது கக்கல். வயிற்றுத் தசைகள் இறுகி, விசையோடு வெளியேறினால் வாந்தி. எதுக்களித்தது வாய்வரை வராமல் இறங்கிவிடுவதும் உண்டென்பதால், கக்காத குழந்தைக்கும் எதுக்களிப்பு இருக்கலாம்.

உணவுக்குழாயின் அடிவாயிலை மூடும் தசை இன்னும் முதிராதிருப்பதும், நீர்ம உணவே உண்டு பெரும்பாலும் மல்லாந்து கிடப்பதும் இதற்குக் காரணங்கள். பொதுவாக 4 மாத அளவில் மிகுந்து, 12 முதல் 18 மாதங்களுக்குள் தணிந்துவிடும். 'கக்கின பிள்ளை தக்கும்' என்ற பழமொழி பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தும். ஆனால் எடை ஏறுகிறதா என்று பார்க்காமல் அதை நம்பியிருக்கக் கூடாது.

பால் குடிக்கையில் முதுகை வில்லாக வளைத்து அழுவது, பசித்தும் பாலை மறுப்பது, அடிக்கடி புரையேறுவது, குரல் கரகரப்பது, எடை ஏறாமை ஆகியவை எதுக்களிப்பு நோயாக மாறியிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். எனினும் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கக்கூடும். மலைக்குளிரில் வரும் இருமலைத் தாயே எதுக்களிப்பென்று முடிவுசெய்துவிட முடியாது. குளிருக்காகக் குழந்தையைக் கம்பளியில் சுற்றும்போது வயிறு இறுகாமல் பார்த்துக்கொள்வதும், பால் கொடுத்தபின் தோளில் நிமிர்த்திச் சிறிது நேரம் வைத்திருப்பதும் உதவும். கக்குகிறதே என்று குப்புறக் கிடத்தித் தூங்கவைக்கலாகாது. மல்லாந்து கிடப்பது எதுக்களிப்புக்கு ஒரு காரணமானாலும், தூங்கும்போது மல்லாந்த நிலையே பாதுகாப்பு.

பச்சை நிறத்திலோ இரத்தம் கலந்தோ வாந்தி வந்தாலும், பீய்ச்சியடிப்பதுபோல் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 6 மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் கக்கலுக்கும் மருத்துவர் வேறு காரணம் தேடிப் பார்ப்பார்.