மரமஞ்சளும் நீரடிமுத்தும் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியும்

மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் மருத்துவராக இருக்கிறேன். நோயாளியின் மகனோ மகளோ போனில் கூப்பிட்டு அடிக்கடி கேட்பது இதுதான்: "டாக்டர், அம்மாவோட கல்ச்சர் ரிப்போர்ட்ல வரிசையா ஆர், ஆர்னு போட்டிருக்கு. ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காதாமே, மூலிகை ஏதாவது கொடுத்துப் பார்க்கலாமா?" (கல்ச்சர் என்பது மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை, ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது.) வாட்ஸ்அப்பில் "சூப்பர்பக்கைக் கொல்லும் இலை" என்று ஒரு செய்தி வந்திருக்கும். இவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது, ஏனென்றால் அந்தச் செய்திக்குப் பின்னால் பல நேரங்களில் உண்மையிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. அந்த ஆய்வு என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை.

முதலில் அந்த ரிப்போர்ட். "எல்லாமே ஆர்" என்பது பெரும்பாலும் பயத்தில் படித்தது. சிறுநீரில் ஈ.எஸ்.பி.எல். (பல ஆன்டிபயாடிக்குகளை உடைக்கும் நொதி) வகை ஈ.கோலை கிருமி வந்தால் நாம் வழக்கமாக விழுங்கும் செஃபிக்ஸிம் போன்ற மாத்திரைகள் பலிக்காது, ஆனால் சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயினோ ஃபாஸ்ஃபோமைசினோ இன்னும் பலருக்கு வேலை செய்கிறது. தொற்று தீவிரமானால் மெரோபெனம் என்ற ஊசி மருந்து இருக்கிறது. பிரச்சினை சின்னது என்று சொல்ல வரவில்லை. மெரோபெனத்தையும் உடைக்கும் என்.டி.எம்.-1 நொதி இந்தியாவில் பரவியிருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது, அதில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது கணக்கு. எனவே புது மருந்தைத் தேடித்தான் ஆக வேண்டும், செடிகளிலும் தேடத்தான் வேண்டும்.

சரி, செடிகளில் என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2000இல் அமெரிக்காவில் வெளியானது. பெர்பெரின் என்ற மஞ்சள் நிற வேதிப்பொருள் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும் இருக்கிறது, அமெரிக்காவின் தென்மேற்கில் வளரும் பெர்பெரிஸ் செடியிலும் இருக்கிறது. அது பாக்டீரியாவின் உறைக்குள் புகுந்து கெடுக்கக்கூடியது, ஆனாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியிடம் (மெத்திசிலின் வகை மருந்துக்குக் கட்டுப்படாத இதன் ரகம்தான் எம்.ஆர்.எஸ்.ஏ.) தனியாகப் போனால் சோபிக்காது. காரணம், அந்தக் கிருமியின் உறையில் நார்-ஏ என்று ஒரு பம்ப் உண்டு, படகுக்குள் புகும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது போல உள்ளே வரும் பெர்பெரினை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்துகளைத் தள்ளுவதும் இதே பம்ப்தான். ஆராய்ச்சியாளர்கள் அந்த பெர்பெரிஸ் செடியிலேயே இன்னொரு பொருளைக் கண்டார்கள். பெயர் 5-மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் (5க்கு மேலே ஒரு சின்னக் கோடும் உண்டு). தனியாக அது எந்தக் கிருமியையும் கொல்லாது. அது செய்வது ஒன்றே ஒன்று, பம்பை அடைப்பது. பம்ப் நின்றதும் பெர்பெரின் உள்ளே சேர்ந்து கிருமியைத் தடுக்கிறது.

இந்தப் பொருள் அதற்கு முன்பே வேறொரு இடத்தில் கண்டெடுக்கப்பட்டிருந்தது: நீரடிமுத்து எண்ணெயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம், 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை தொழுநோய்க்கு அந்த எண்ணெய்தான் மருந்தாக இருந்தது. "அப்போ நம்ம முன்னோருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்று இதைப் படிப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் எந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை மதிக்கிறேன், ஆனால் பம்பை அடைக்கும் பொருளைப் பிரித்துக் காட்டியது ஆய்வகம்தான், இரண்டும் தேவைப்பட்டன.

என்னைப் பொறுத்தவரை செடிகளிடமிருந்து நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்த வகை உதவியைத்தான். நேரடியாகக் கிருமியைக் கொல்லும் புது ஆன்டிபயாடிக்கை விட, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபயாடிக்கைக் காப்பாற்றும் துணைப்பொருள். இது கற்பனை இல்லை, முன்னுதாரணம் இருக்கிறது. அமாக்ஸிசிலினோடு சேர்ந்து வரும் கிளாவுலானிக் அமிலம் தானாகப் பெரிதாக எதையும் கொல்லாது, மருந்தை உடைக்கும் நொதியைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். அதையே நம்பி நாற்பது ஆண்டுகளாக நோயாளிகளைக் குணப்படுத்தி வருகிறோம். அது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. செடியிலிருந்து அப்படி ஒன்று வரக் கூடாதா என்ன?

வரலாம், ஆனால் இன்னும் வரவில்லை. பம்பை அடைத்துத் தொற்றைக் குணமாக்கும் மருந்து ஒன்றுகூட இன்றுவரை நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை. சர்ப்பகந்தாவிலிருந்து எடுக்கும் ரெசர்பின் இதே நார்-ஏ பம்பை அடைக்கும், ஆனால் அதற்குத் தேவையான அளவு நம் நரம்பு மண்டலத்துக்கு ஆகாது. பெர்பெரினைக் குடித்தால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். (குடலுக்குள்ளேயே வேலை இருந்தால் கதை வேறு: டாக்காவில் நடந்து 1987இல் வெளியான ஆய்வில் ஈ.கோலை வயிற்றுப்போக்கு நோயாளிகளுக்கு 400 மில்லிகிராம் பெர்பெரின் கொடுத்தபோது மலப்போக்கு குறைந்தது.) அப்புறம், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு உறை இருக்கிறது, செடிப்பொருள்களில் பெரும்பாலானவை அதைத் தாண்டுவதே இல்லை. நம் ஐ.சி.யு.க்களில் உயிரை வாங்குவது பெரும்பாலும் இவைதான்.

ஆய்வுத் தட்டில் நடப்பதற்கும் உடம்பில் நடப்பதற்கும் உள்ள தூரம் இதுதான். இலைச்சாற்றில் நனைத்த காகித வட்டைக் கிருமி வளரும் தட்டில் வைத்தால் சுற்றிலும் கிருமி வளராத தெளிவான வளையம் வரும், போட்டோவும் நன்றாக இருக்கும். ஆனால் நல்ல ஆன்டிபயாடிக் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமிலேயே வேலையை முடிக்கும். பல இலைச்சாறுகளுக்கு ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் தேவைப்படும், அந்த அளவை ரத்தத்தில் எட்டவே முடியாது. சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய எத்தனாலே வளையத்தை உண்டாக்கியிருக்கவும் கூடும். புராஜெக்ட் செய்ய வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, வெறும் எத்தனால் நனைத்த வட்டையும் பக்கத்தில் வைத்தீர்களா என்பதைத்தான்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். குர்குமின் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை, சோதனை முறைகளையே குழப்பிப் பொய்யான பலனைக் காட்டும் இயல்பும் அதற்கு உண்டு என்று 2017இல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு நாள் கடத்துவதை இன்னும் பார்க்கிறேன், எலும்புவரை சீழ் போன பிறகுதான் மாதிரி எங்களிடம் வருகிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மிளகு கொஞ்சம் வேறு மாதிரி. அதிலுள்ள பைப்பரின் மருந்து உடம்பில் சேர்வதைக் கூட்டுகிறது. ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்து அதோடு பைப்பரின் சேர்த்த காசநோய் மாத்திரை 2009இல் இந்தியாவில் வந்தது. பெருமையான விஷயம்தான், ஆனால் இதே குணம் வலிப்பு மருந்தான ஃபெனிட்டாயினின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, "பைப்பரின் சேர்த்தது" என்று டப்பாவில் விற்கும் மஞ்சள் மாத்திரைகளைச் சொல்கிறேன். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

"எங்க அப்பாவுக்குக் கஷாயத்துல சரியாச்சே" என்பவர்களுக்கு ஒன்று. வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீர்க் குழாய் போட்டவர்கள் ஆகியோரின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் தராமலே கிருமி இருக்கலாம். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலானோருக்கு ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும்தான் முக்கியமான விதிவிலக்கு. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து கஷாயம் குடித்தவர் நன்றாக இருப்பதற்குக் காரணம், அவருக்கு முதலிலேயே நோய் இல்லாததுதான்.

ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கம் வலி, மூச்சிரைப்பு, பெரியவர்கள் திடீரென்று குழம்பிப் பேசுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறும். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள், பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் கொண்டுபோங்கள். ஏற்கெனவே கஷாயமோ சூரணமோ எடுத்திருந்தால் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம், எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்று முடிவு செய்ய அது தெரிய வேண்டும்.