டீலியா என்ற பெயரில் யாரும் பிறக்கவில்லை

"அக்கா, எல்லாம் ரெடி. நீங்க ஒரு தடவ பாத்துட்டு சரின்னு மட்டும் சொல்லுங்க."

பேசியவர் திருச்சிப் பெண். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் வேலை, கணவர் அந்த ஊர்க்காரர். அப்போது நாலு மாதக் கர்ப்பம். அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் சான்றிதழ்கள் வந்து விழுந்தன: கணவருடையது, மாமனாருடையது, மாமனாரைப் பெற்ற தாயுடையது. அந்தத் தாய்தான் அயர்லாந்தில் பிறந்தவர். மாமனாருக்கு நாலு வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். பையனை வளர்த்தது அப்பா வழி அத்தை. அத்தை வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அதனால் பாட்டியைப் பற்றி மிஞ்சியது மூன்றே தகவல். பெயர் டீலியா. ஊர் கார்க். பிறந்தநாள் பிப்ரவரி 1. (குடும்பப் பெயரைக் கெல்லி என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.)

டப்ளினில் உட்கார்ந்து மற்றவர்களின் தாத்தா பாட்டியைத் தேடிக் கொடுப்பது என் தொழில். ஆவணம் ஏதும் இல்லை என்று வருகிறவர்களைக் கண்டு நான் பயப்படுவதில்லை. எல்லாம் கிடைத்துவிட்டது என்று வருகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அவசரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அயர்லாந்துத் தீவில் (வட அயர்லாந்தும் சேர்த்துத்தான்) பிறந்தவரின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும் தானாகவே அயர்லாந்துக் குடிமகன். அந்த மாமனார் எழுபது வருடமாகத் தெரியாமலே குடிமகனாக இருந்திருக்கிறார். பேரப்பிள்ளைக்கு அப்படித் தானாக வராது. வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு, அதில் பெயர் ஏற வேண்டும். ஏறிய நாளிலிருந்துதான் குடியுரிமை. கொள்ளுப்பேரனுக்கு வேண்டுமானால், அவன் பிறப்பதற்கு முன்பே அவன் அப்பாவோ அம்மாவோ அந்தப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். விண்ணப்பித்திருந்தால் போதாது.

வந்த சான்றிதழைத் திறந்தேன். பிரிட்ஜெட் கெல்லி, 1920, கார்க் மாவட்டம், தகப்பன் பெயர் தாமஸ். அயர்லாந்தில் பிரிட்ஜெட்டை வீட்டில் டீலியா என்று கூப்பிடுவது சகஜம். பிரைடி, பிரீடா, பிடி எல்லாமே அவள்தான். டீலியாவின் 1948 இங்கிலாந்துத் திருமணச் சான்றிதழிலும் தகப்பன் பெயர் தாமஸ் கெல்லி, வயது 28. பொருந்துகிற மாதிரித்தான் இருந்தது. இணையத்தில் வேறு சிலரும் தங்கள் குடும்ப மரத்தில் இதே பிரிட்ஜெட்டை இதே கோவென்ட்ரி டீலியாவோடு இணைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் செய்த தவற்றைப் பத்துப் பேர் படியெடுத்தால் அது பத்துச் சாட்சி ஆகிவிடாது. ஆனால் திரையில் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும்.

இப்படி ஒரு ஆள் கைக்கு வந்தால், அவர் செத்துப்போனாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். கொடூரமாகத் தோன்றலாம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய அயர்லாந்து இறப்புப் பதிவுகளின் படங்களை ஐரிஷ்ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பிரிட்ஜெட், அதே முகவரி, அதே தகப்பன். இரண்டு வயது முடிவதற்குள் கக்குவான் இருமலில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அந்தக் குழந்தையைத்தான் ஒன்றரை வருடமாக இவர்கள் பாட்டியாக நினைத்திருந்தார்கள். போனில் சொன்னபோது அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாடே இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் உள்ளே வந்தவள் ஆனி மூர் என்ற கார்க் பெண். 'நெவாடா' கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்தாள், கையில் பத்து டாலர் தங்கக் காசு கொடுத்தார்கள். பிறகு அவள் மேற்கே டெக்சாஸுக்குப் போனாள், 1923இல் டிராம் மோதி இறந்தாள் என்று பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தாரை அழைத்து மரியாதைகூடச் செய்தார்கள். டெக்சாஸ் ஆனி மூர் பிறந்ததே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில்தான் என்பதை மெகன் ஸ்மோலென்யாக் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து 2006இல் வெளியிட்டார். உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. ஏழைகளின் குடியிருப்பில் வாழ்ந்து, நிறையப் பிள்ளைகளைப் பெற்று, பலரைப் பறிகொடுத்து, 1924இல் இறந்து பெயர்க்கல் இல்லாத குழியில் கிடந்தாள். 2008இல்தான் கல் வைத்தார்கள். அருங்காட்சியகமும் பத்திரிகைகளும் இருந்தும் இந்த நிலை. கணினி முன் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கர்ப்பிணி என்ன செய்வார்?

"அயர்லாந்து ஆவணமெல்லாம் எரிஞ்சு போச்சாமே?" இது என்னிடம் தவறாமல் வரும் கேள்வி. பாதி உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான நான்கு மக்கள் தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 1861, 1871 இரண்டையும் அதற்கு வெகு முன்பே அரசே அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டும் முதல் உலகப் போரில் காகிதக் கூழாகின. தீ வைத்தவனைவிடக் கோப்பு ஒழித்தவன் செய்த சேதமும் குறைவில்லை. ஆனால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு சாமியார் பொறுப்பில் உள்ள பகுதியைப் பங்கு என்பார்கள்) ஞானஸ்நானப் பதிவேடுகளும் இல்லை. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுசாக இருக்கின்றன, காசில்லாமல் பார்க்கலாம். 1926 ஏப்ரல் 18இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்புக்கு நூறு வருடப் பூட்டு. அதைத் திறக்க 2026 ஏப்ரல் 18 என்று நாள் குறித்தார்கள். டீலியாவைப் போல 1911க்குப் பின் பிறந்தவர்களைத் தேடுகிறவர்கள் காத்துக்கிடந்தது இதற்குத்தான். அதுவும் இன்றைய அயர்லாந்துக் குடியரசின் 26 கவுண்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) மட்டும். வட அயர்லாந்தின் 1926 தாள்கள் இன்று இல்லை.

வயதை நம்பாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் ஒரு கதை. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. ஆனால் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. ஆக, பென்ஷன் கேட்ட ஒருவரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1901 கணக்கெடுப்பில் ஐம்பத்தைந்து என்று சொன்ன ஆள் 1911இல் எழுபத்திரண்டு ஆகிவிடுவார். பத்து வருடத்தில் பதினேழு வயது கூடும். ஒரே வீட்டின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அதிகாரிகள் சும்மா விடவில்லை. 1841, 1851 கணக்கெடுப்புகளில் அந்த ஆள் குழந்தையாக இருக்கிறாரா என்று தேடிக் குறிப்பெழுதினார்கள். மூலம் எரிந்துவிட்டது. தேடிய குறிப்புச் சீட்டுகள் மிஞ்சிவிட்டன! யாரோ ஒரு கிழவர் பென்ஷனுக்காகச் சொன்ன பொய்யைச் சரிபார்க்கப் போய், எரிந்த கணக்கெடுப்பின் சில வரிகள் இன்று நம் கையில் இருக்கின்றன.

சரி, டீலியா. நான் அவளைத் தேடுவதை விட்டுவிட்டேன். கெல்லி அயர்லாந்தில் மிகப் பொதுவான குடும்பப் பெயர்களில் ஒன்று. பிரிட்ஜெட்டும் அப்படியே. அந்தப் பெயரைத் தட்டினால் வந்துகொண்டே இருப்பார்கள். அவளைச் சுற்றி யார் இருந்தார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். திருமணச் சான்றிதழில் எல்லோரும் மணமகளையும் தகப்பனையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அடியில் சாட்சிக் கையெழுத்து இருக்கும். இதில் ஒரு கேத்தரின், வேறு குடும்பப் பெயர்.

மாமனாரிடம் பேச வேண்டும் என்றேன். "அவர் எதுவும் சொல்ல மாட்டாருக்கா" என்றார் மருமகள். நான் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அயர்லாந்துத் தபால்தலையோடு ஏதாவது வருமா என்று மட்டும் கேட்டேன். மனிதர் யோசித்தார். வருமாம். கிட் ஆன்ட்டி என்று யாரோ பத்து ஷில்லிங் நோட்டு வைத்து அனுப்புவாராம். கேத்தரினை இங்கே கிட் என்பார்கள்.

அயர்லாந்தில் துக்கச் செய்திக்கென்றே ஆர்ஐபி டாட் ஐஇ என்ற தளம் உண்டு. காலையில் எழுந்ததும் அதைப் பார்க்கிற ஆட்கள் நிறைய. பிறந்த வீட்டுப் பெயர், ஊர், முன்னரே இறந்த உடன்பிறப்புகள் என்று எல்லாம் போடுவார்கள். சாட்சியின் குடும்பப் பெயரைப் போட்டு, பிறந்த வீடு கெல்லி என்றிருப்பவர்களாகப் பார்த்துக்கொண்டே போனேன். தொண்ணூற்று மூன்று வயதில் போன ஒரு கிட். "தங்கை டீலியா" என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கோவென்ட்ரி. ஊர் கார்க் இல்லை, நாட்டின் நடுப்பக்கம் ரோஸ்காமன் கவுண்டியில் ஒரு டவுன்லேண்ட். டவுன்லேண்ட் என்பது நம்மூர்க் குக்கிராமத்தைவிடச் சின்னது. சில வீடும் வயலும் சேர்ந்தால் ஒன்று. தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல். அது தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கார்க் எப்படி வந்தது? கல்யாணத்துக்கு முன் சில வருடம் அங்கே வீட்டு வேலை செய்திருக்கிறாள். இங்கிலாந்தில் கேட்டவர்களுக்கு அங்கிருந்து வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனி உறுதிப்படுத்த வேண்டும். இது கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 1908 ஈஸ்டரிலிருந்து நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவருக்கு எந்த ஊரில் கல்யாணம் நடந்தாலும் அந்தப் பங்குச் சாமியார் ஞானஸ்நானம் நடந்த பங்குக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அங்கே பழைய பதிவேட்டின் ஓரத்தில் குறித்துவைப்பார்கள். தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் ஏற்றிய பங்குப் பதிவேடுகள் பெரும்பாலும் 1880 வரைதான். அதற்குப் பிந்தையவை பங்கிலேயே இருக்கும். கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும். நானும் காத்திருந்தேன், ஏழு வாரம். பங்கு அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் மட்டும் வரும் ஒரு அம்மாதான் அங்கே எல்லாம்.

பதில் வந்தது. பிரிஜிதா என்று லத்தீனில் பெயர், தகப்பன் தாமஸ். ஓரத்தில் வேறு மசியில் கோவென்ட்ரி, 1948, மணமகன் பெயர்.

டீலியா என்ற பெயரில் யாரும் பிறக்கவே இல்லை. பிறந்தநாளும் ஒன்றில்லை, மூன்று. ஞானஸ்நானம் ஜனவரி 30. அரசுப் பதிவேட்டில் பிறந்த தேதி மார்ச் 4. ஆமாம், பிறப்பதற்கு ஐந்து வாரம் முன்பே ஞானஸ்நானம். 42 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதித்தால் அபராதம். வயல் வேலையில் மறந்த தகப்பன் தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார். இது அப்போது ஊரெல்லாம் செய்ததுதான். பிப்ரவரி 1? அது புனித பிரிட்ஜெட் திருநாள். பிரிட்ஜெட் என்று பெயர் வைத்தவளுக்கு அதைவிட நல்ல பிறந்தநாள் ஏது?

டிஎன்ஏ சோதனை செய்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டாமே என்று கேட்பீர்கள். உதவும். பாட்டியிடமிருந்து பேரனுக்குச் சராசரியாகக் கால் பங்கு வரும், மகனுக்குச் சரிபாதி. ஆகவே வீட்டில் மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரைச் செய்யச் சொல்லுங்கள். ஆனால் எச்சில் குழாயை அனுப்புவதற்கு முன் வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். திருமணமாகாத தாய்மார்களை அடைத்துவைத்த இல்லங்கள் இங்கே இருந்தன. விசாரணை ஆணையத்தின் 2021 அறிக்கை, தான் ஆராய்ந்த 18 இல்லங்களில் ஏறக்குறைய 9,000 குழந்தைகள் இறந்ததாகச் சொல்கிறது. சட்டப்படியான தத்து 1953இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் வளர்த்தவர்களையே பெற்றவர்களாகக் காட்டிப் பொய்ப் பதிவு செய்ததுண்டு. 1946க்கும் 1969க்கும் இடையே நடந்த அப்படிப்பட்ட 126 பதிவுகளை 2018இல் அரசே வெளியிட்டது. அந்தச் சான்றிதழ்களில் முத்திரை உண்மை, பெயர் பொய். தத்துப் போனவர்கள் தங்கள் பிறப்பு ஆவணங்களைக் கேட்டுப் பெற 2022 அக்டோபர் முதல் சட்ட உரிமை உண்டு. அந்த வழி இருக்கும்போது, டிஎன்ஏ பட்டியலில் முளைத்த ஒரு பெயரைப் பிடித்து, எண்பது வயது அம்மாளின் வீட்டுக் கதவைப் போய்த் தட்டாதீர்கள். ஒரு முறை என்னிடம் வந்தவர் ஒருவர் தட்டினார். கதவைத் திறந்தது அந்த வீட்டு அம்மாளின் கணவர். அவருக்கு எதுவும் தெரியாது.

கோவென்ட்ரிக் குடும்பம் சரியான சான்றிதழ்களோடு விண்ணப்பம் அனுப்பியபோது ஏழாம் மாதம். பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஏறிய கடிதம் வந்தபோது பையனுக்கு வயது இரண்டு மாதம். அவனுக்குக் கொள்ளுப்பாட்டி வழியில் அயர்லாந்துக் குடியுரிமை இல்லை. போன வருடம் தங்கை பிறந்தாள். அவளுக்கு உண்டு. அவளுக்கு டீலியா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், சான்றிதழிலும்.