திறக்காத ஃபைலின் தலையும் வாலும்

ஆடி மாதம் நீலகிரியில் காற்று கிளம்பினால் எங்காவது ஒரு மரம் லைன் மேல் சாயும், கரண்ட் போகும். அடுத்த நாள் கோத்தகிரி ஜெராக்ஸ் கடைகளில் ஒரே புலம்பல்தான்: "அண்ணா, ஃபைல் இருக்கு, ஓபன் ஆகமாட்டேங்குது."

உடனே சாஃப்ட்வேரைத் திட்ட வேண்டாம். முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, அந்தக் காப்பியை நோட்பேடில் திறந்து பாருங்கள். சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஃபைல் பெயருக்குப் பின்னால் வரும் டாக்எக்ஸ், பிடிஎஃப், ஜேபிஜி எல்லாம் மூட்டைமேல் மையால் எழுதிய எழுத்து மாதிரிதான். உள்ளே தேயிலையா தவிடா என்று அதற்குத் தெரியாது. சரக்கு என்னவென்பதை முதல் சில பைட்டுகள் சொல்லிவிடும். பைட் என்பது ஃபைலின் சின்னத் துண்டு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஒரு எண். பிடிஎஃப் என்றால் ஒரு சதவீதக் குறியும் அதையொட்டி பி, டி, எஃப் எழுத்துகளும் தொடக்கத்திலேயே தெரியும். ஜேபிஜி படம் 255, 216, 255 என்ற எண்களில் தொடங்கி 255, 217 என்று முடியும்; நோட்பேடில் அவை எண்ணாக இல்லாமல் புரியாத எழுத்துகளாகத் தெரியும். ஐபோன் 2017 முதல் எடுத்துத் தரும் எச்இஐசி என்ற வேறு வகைப் படத்துக்குப் பெயரை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி, விண்ணப்பத்தில் ஏற்றப் பார்ப்பவர்கள் ஏராளம். பெயர் மாறினால் சரக்கு மாறிவிடுமா?

வேர்ட் ஃபைலைத் திறந்தால் பி, கே என்ற இரண்டு எழுத்து முதலில் நிற்கும். பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் முறையை 1989இல் உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல் அது. ஆமாம், 2007 ஆபீஸிலிருந்து வந்த டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஜிப்பில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கும். பந்தலூர்ப் பக்கம் சிக்னல் விட்டுப்போய் டவுன்லோடு பாதியில் நின்றால், அந்தப் பட்டியலே வந்து சேராது. அதனால்தான் வேர்ட் ஒரு வரிகூடக் காட்டாமல் கைவிரிக்கிறது. அதே மாதிரி பாதியில் நின்ற ஜேபிஜி பெரும்பாலும் மேல்பாதியைக் காட்டிவிட்டு, கீழே சாம்பல் பூசிவிடும். இரண்டுக்கும் மறுபடி டவுன்லோடு செய்வதே மருந்து.

முழுதாக வந்தும் வேர்ட் அடம்பிடித்தால், காப்பியின் பெயரில் டாக்எக்ஸை எடுத்துவிட்டு ஜிப் என்று போடுங்கள். உள்ளே வேர்ட் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் மீடியா ஃபோல்டரில் படங்கள் அத்தனையும் அப்படியே இருக்கும்; டாக்குமெண்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் நீங்கள் அடித்த வரிகள், குறியீடுகளுக்கு நடுவே. அழகாக இருக்காது, ஆனால் மறுபடி அடிக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் குட்டி ஃபைலைத் தங்கள் ஃபைல் என்று நினைத்துப் பென் டிரைவில் கொண்டுவருகிறார்கள் சிலர். ஃபைல் திறந்திருக்கிறது என்று வேர்ட் தனக்காக வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. ஒரு கிலோபைட்கூட இருக்காது.

இனி கரண்ட் போன கதை. சேவ் அழுத்தியதும் எல்லாம் அந்த நொடியே டிஸ்க்கில் ஏறிவிடாது. விண்டோஸ் கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்துதான் எழுதும். பெயரும் அளவும் பதிவாகி, உள்ளடக்கம் ஏறும் முன் கரண்ட் போனால், 40 கேபி என்று காட்டும் ஃபைலுக்குள் வெறும் பூஜ்ஜியங்கள்தான் மிஞ்சும். நோட்பேடில் பார்த்தால் வெற்று இடம். அந்த ஃபைலை எந்த ரிப்பேர் சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். வேர்ட் அவ்வப்போது தானாகவே சேமிக்கும் ஆட்டோரிகவரில் பழைய பிரதி கிடக்கிறதா, யாருக்காவது மெயிலில் அனுப்பினீர்களா என்று தேடுவதுதான் வழி.