விறைப்பு: ஜோய்ஸ்டிக் பிடிக்கும் கைக்கு ஏற்ற சொல்லா?

விறைப்பு என்பது 'விறை' என்னும் வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். வல்லின றகரம் போட்டே எழுத வேண்டும். இடையின ரகரம் போட்டால் விரைவு, விரைதல் என்று வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

குளிரில் கைகால் மடங்க மறுப்பது விறைத்தல். கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி நிற்பதும் விறைப்புத்தான். ஆனால் திருகோணமலையில் இந்தச் சொல் எல்லோர் காதிலும் விழும் இடம் பல் வைத்தியரின் அறை. பல் பிடுங்குவதற்கு முன் விறைக்க ஊசி போடுவார்கள். அங்கே விறைப்பு என்றால் உணர்வு போன நிலை. உயர்தரக் கணித வகுப்பிலோ 'விறைப்பான உடல்' என்றால் விசைக்கு வடிவம் மாறாத உடல். வளையாமை, உணர்வின்மை என்ற இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. கணினியில் விமானம் ஓட்டுபவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் கையால் சாய்க்கும் கோல்தான் ஜோய்ஸ்டிக். அந்தக் கோலின் அருமையே கைக்கு உணர்வு தருவதில் இருக்கிறது.

உப்புவெளியில் என் அயல்வீட்டுத் தம்பி ஒருவன், யாரோ பாவித்த ஜோய்ஸ்டிக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, சரியான விறைப்பாக இருக்கிறது. உள்ளே இருக்கும் விற்சுருளில் ஒரு சுற்றை வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டான். வெட்டாதே என்றேன். சுற்று குறைந்தால் விற்சுருள் குட்டையாகும். ஆனால் ஒவ்வொரு மில்லிமீற்றர் அமுக்கத்துக்கும் அது கேட்கும் விசை கூடிவிடும். பிறகு இரண்டு விரலால் கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, மெதுவாகக் கையை எடுக்கச் சொன்னேன். கோல் பாதி வழி திரும்பி, அங்கேயே நின்றுவிட்டது.

விற்சுருள் வலிமையாக இருந்திருந்தால் கோல் நடுவுக்கு ஓடி வந்திருக்கும். திரும்பிவர இழுக்கும் அந்த விசைக்கு 'மீள்விசை' என்ற நல்ல சொல் இருக்கிறது. பாதியில் நின்றதற்குக் காரணம் உராய்வு. அதை 'இறுக்கம்' என்று சொன்னால் போதும், துருப்பிடித்த பிணைச்சலைத் திறப்பவருக்குக்கூட விளங்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு. நடுவிலிருந்து கோலை அசைக்கத் தொடங்கும் கணத்தில் முதலில் மறுத்து, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும் குணம். அதற்கு எங்கள் பேச்சிலேயே சொல் இருக்கிறது: 'தடக்கு'. ஓடுபாதையை நெருங்கும் கடைசி நொடிகளில் மூக்கை ஓர் இழையளவு உயர்த்த வேண்டியிருக்கும்போது கெடுப்பது பெரும்பாலும் இந்தத் தடக்குத்தான். கை சிறிது அழுத்தும், கோல் அசையாது. இன்னும் சிறிது அழுத்தினால் தேவைக்கு மேல் போய்விடும். இந்த மூன்றையும் விறைப்பு என்ற ஒரு சாக்குக்குள் கட்டிவிட்டால் எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது.

மீள்விசைதான் மிகுதி என்றால் கோலை நீட்டலாம். அடியிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்த கை 30 சென்ரிமீற்றரில் பிடித்தால், வேண்டிய விசை மூன்றில் இரண்டாகக் குறையும். கை நகரும் தூரம் ஒன்றரை மடங்காகும். நுணுக்கமாக ஓட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. தடக்கு மட்டும் இதனால் முற்றாகப் போகாது.

உண்மையான சிறு விமானத்தில் கோலை எதிர்ப்பது காற்று. சுக்கான் பிடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வள்ளத்தின் ஓட்டம் கூடக் கூடச் சுக்கான் கையைத் தள்ளும். கம்பிவடத்தால் நேரே இறக்கையிலும் வாலிலும் உள்ள பரப்புகளை அசைக்கும் விமானத்தில் வேகம் இரு மடங்கானால் அதே அளவு சாய்ப்புக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு விசை வேண்டும். வேகம் குறைந்து விமானம் விழப்போகும் வேளையில் கோல் தளர்ந்து சோர்ந்துவிடும். அந்தத் தளர்வே விமானிக்கு எச்சரிக்கை. மேசைமேல் இருக்கும் விற்சுருளுக்கு வேகம் தெரியாது. நிற்கும் விமானத்திலும் பறக்கும் விமானத்திலும் ஒரே மீள்விசைதான். ஆனால் இதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320இன் பக்கக் கோலுக்கும் காற்றோடு நேரடித் தொடர்பு இல்லை. அங்கும் கைக்கு எதிர்ப்புத் தருவது விற்சுருள். எஃப்-16 போர் விமானத்தின் கோல் தொடக்கத்தில் அசையவே இல்லை, கையின் அழுத்தத்தை மட்டும் அளந்தது. விமானிகளுக்கு அது ஒவ்வாததால், பின்னர் மிகச் சிறிதளவு அசையும்படி மாற்றினார்கள். கைக்கு அசைவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

ஜோய்ஸ்டிக் என்ற பெயர் கணினி விளையாட்டில் பிறந்ததன்று. விமானம் தோன்றிய முதற் பத்தாண்டிலேயே விமானிகளின் வாயில் புழங்கிய சொல் அது. எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு, முடிவு இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழுந்த பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானங்களிலும், விமானியின் கால்களுக்கிடையே, வளையப் பிடியோடு இத்தகைய கோல்தான் இருந்தது. சொல்லைப் பிரித்து 'மகிழ்கோல்' என்று பெயர்ப்பது பொருளற்றது. இயக்குபிடி என்று எழுதுவோர் உண்டு. பிடி என்பது கை பற்றும் பகுதி மட்டுமே. அடியும் தண்டும் அதில் அடங்கவில்லை. நெம்புகோல் ஏற்கெனவே நம் பாடநூலில் இருக்கிறது, படகையும் வாகனத்தையும் 'செலுத்துகிறோம்'. ஆகவே 'செலுத்துகோல்' என்பதே என் தெரிவு. கோலின் குணம் முழுவதற்கும் 'கையுணர்வு'.

தம்பியின் செலுத்துகோலை அன்று மாலையே திறந்தோம். அடியில் உள்ள கிண்ணத்தில் பழைய கிறீஸ் மெழுகாக உறைந்து, மணலும் தூசியும் அதில் அப்பியிருந்தன. துணியால் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கோன் கிறீஸை விரல் நுனியளவு பூசினோம். விற்சுருளைத் தொடவில்லை. மூடிவிட்டு மறுபடி சாய்த்து விட்டபோது கோல் தானாக நடுவுக்கு வந்து நின்றது. "இப்போது தடக்கவில்லை" என்றான் அவன்.